உங்களுக்குத் தெரியுமா? – வெள்ளைத் திட்டில் மட்டும் வரும் புண்

கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசு. வெள்ளைத் திட்டுகளில் மட்டும் தோல் சிவந்து வீங்கி, காய்ந்து, பட்டை பட்டையாக உரிகிறது. கறுப்பு தொடங்கும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் புண் நின்றுவிடுகிறது. இதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிப் பயனில்லை. மேய்ந்த செடியும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை இது. கறுப்புத் தோலின் நிறமி ஒளியை மறித்துவிடுவதால் அந்த இடம் தப்புகிறது.

வேலியோரம் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கிறதே உண்ணிச்செடி, அதுதான் நம் ஊரில் பெரும்பாலும் காரணம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல்லுக்கு இடம் விடாமல் மண்டிக் கிடக்கிறது. வயிறு நிறைந்த மாடு அதைச் சீண்டாது. வறட்சியில் பசித்த மாடும், வெளியூரிலிருந்து புதிதாக வந்த மாடும்தான் வாய் வைக்கும்.

அந்த இலையிலுள்ள லாண்டடீன் முதலில் தாக்குவது தோலை அல்ல, கல்லீரலை. புல்லிலுள்ள பச்சையத்தை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பைலோஎரித்ரின் உண்டாகும். எந்த மாட்டுக்கும் அன்றாடம் நடப்பதுதான். பித்தநீரோடு அது வெளியேறிவிடும். கல்லீரல் கெட்டுப் பித்தநீர் தடைப்பட்டால் ரத்தத்தில் தேங்கித் தோலுக்கு வந்துசேரும். அந்தத் தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். தினமும் தின்ற பசும்புல்லே மாட்டுக்குப் பகையாகிவிடுகிறது!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வயிற்றின் அசைவும் நின்றுவிடுவதால், தின்ற இலை உள்ளேயே கிடந்து நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும். அசைபோடாமை, மலச்சிக்கல், மஞ்சளித்த கண் ஆகியவற்றைக் கண்டால் புண் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

நம் காலில் குத்தும் அதே நெருஞ்சிதான் தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்துச் செம்மறிகளையும் இப்படி வாட்டுகிறது. கம்பளி மூடாத முகமும் காதும் வீங்கிவிடும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அந்த நோயின் பெயருக்கே ‘மஞ்சள் வீங்குதலை’ என்றுதான் பொருள்.

நியூசிலாந்தில் காரணம் செடியல்ல. மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடக்கும் புல்லில் வளரும் பூஞ்சை. அதைத் தின்று 10 முதல் 14 நாள் கழித்தே தோல் வெடிக்கும். அதனால் பண்ணையாளர்கள் பூஞ்சை வித்துகளை எண்ணிப் பார்த்து, முன்கூட்டியே துத்தநாகம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஐரோப்பாவின் ஹைபெரிக்கம் செடிக்குக் கல்லீரலைக் கெடுக்கும் வேலையே இல்லை. அதன் சிவப்பு நிறப்பொருள் நேரே ரத்தத்தில் கலந்து தோலுக்குப் போய்விடும்.

அறிகுறி தெரிந்த உடனே மாட்டை வெயில் படாத கொட்டிலில் கட்டுங்கள். பசுந்தீவனத்தை நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் கொடுங்கள். வயிற்றில் கிடக்கும் நஞ்சை உறிஞ்சும் மருந்துக் கரியைக் கால்நடை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பார். அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ, மாடு பிழைக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.