மூலிகையின் பெயரும் வினையும்

செடி கொடிகளின் தமிழ்ப் பெயர்களைப் பற்றிப் பொழிவாற்றும்போதெல்லாம், உரை முடிந்தபின் எழும் வினாக்களில் பாதி மொழியைப் பற்றியனவாக இருப்பதில்லை. மருந்தைப் பற்றியனவாகவே இருக்கின்றன. கீழாநெல்லி காமாலையைத் தீர்க்குமா? மூலிகைக்குப் பக்கவிளைவு உண்டா? மருத்துவமனையில் தரும் மாத்திரையோடு சேர்த்து உண்ணலாமா? ‘உடல்நலத்துக்குத் துணைபுரியும்’ என்று புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதற்கு என்ன பொருள்? நாம் மருத்துவர் அல்லோம். எவருக்கும் மருந்து சொல்வது நம் பணியன்று. ஆயினும் இவ்வினாக்களுள் பலவற்றின் முடிச்சு சொல்லில் விழுந்திருப்பதால், அம்முடிச்சை அவிழ்ப்பது மொழியாசிரியரின் கடமைக்குள் அடங்கும் என்று கருதுகிறோம்.

முதலில் ‘மருந்து’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நோயைத் தீர்ப்பதும் மருந்து. பயிரின் பூச்சியைக் கொல்வதும் மருந்து. வாணவெடியில் அடைப்பதும் மருந்து. மலாயிலும் இதே நிலைதான். ‘உபாட்’ என்பது நோய்க்கு உண்பது. ‘உபாட் ஞாமுக்’ கொசுவை விரட்டுவது. ‘உபாட் பெடில்’ துப்பாக்கிக்கு இடுவது. கிரேக்கரின் ‘ஃபார்மகோன்’ என்ற சொல்லும் மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறித்தது. தொடர்பற்ற மூன்று மொழிகள் ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் வைத்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. ஆற்றல் உள்ள பொருள் இருபுறமும் கூரான கத்தி என்பதை மக்கள் பட்டறிந்திருக்கின்றனர்.

ஆகவே ‘இயற்கையானது, ஆதலால் தீங்கற்றது’ என்பது முன்னோர் கூற்றன்று. அது அண்மைக்கால விளம்பரத் தமிழ். சித்த மருத்துவம் அவ்வாறு எண்ணியதே இல்லை. சுக்கின் தோலைச் சீவி எறிய வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும், சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்று அது விதிக்கிறது. பத்தியம் என்றும் துணைமருந்து என்றும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. தீங்கே செய்யாத பொருளுக்குச் சுத்தி எதற்கு?

இனி, மூலிகை எவ்வாறு வினைபுரிகிறது என்ற வினாவுக்கு வருவோம். செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் பூஞ்சையையும் தடுக்க அது கசப்பும் காரமும் நெடியும் உள்ள வேதிப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. மிளகின் காரம் பிப்பெரின் என்ற பொருளால் வருவது. நிலவேம்பின் கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு முதலியவற்றால் வருவது. செடி இவற்றை நமக்காகச் செய்யவில்லை. ஆனால் நாம் உண்ணும்போது இவை நம் உடலின் நொதிகளோடும் உயிரணுக்களின் ஏற்பிகளோடும் பொருந்தி, அவற்றின் வேலையைத் தூண்டுகின்றன அல்லது தடுக்கின்றன. மாத்திரையும் இதைத்தான் செய்கிறது. இந்திய நாட்டுமருத்துவத்தின் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1952இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு மாத்திரையாயிற்று. அதே பொருள் சிலருக்கு மனச்சோர்வைத் தந்ததும் பின்னர் அறியப்பட்டது. எனவே மூலிகைக்கு ஒருவகை வினை, மாத்திரைக்கு வேறுவகை வினை என்பதில்லை. வேறுபாடு அளவில் இருக்கிறது. மாத்திரையில் ஒரு பொருள், நிறுத்த அளவில் இருக்கும். இலையிலோ நூற்றுக்கணக்கான பொருள்கள்; அவற்றின் அளவு மண்ணையும் பருவத்தையும் உலர்த்திய முறையையும் பொறுத்து மாறும்.

சேர்மானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர், திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்ற மூன்று நூற்பெயர்களும் மருந்துச் சரக்குகளின் தொகுதிப் பெயர்கள் என்று சொல்லிவிட்டு அறக்கருத்துக்குப் போய்விடுவார். அங்கே சற்று நிற்கலாம். திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. இம்மூன்றையும் ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு முழு விடை இல்லாவிடினும், ஒரு பகுதி விடை 1998இல் பெங்களூரிலிருந்து வந்தது. மஞ்சளில் உள்ள குர்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறத்தாழத் தென்படவே இல்லை. இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. மிளகும் திப்பிலியும், குடலும் ஈரலும் பிற பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை மந்தப்படுத்துகின்றன. அதனால் உடன் வந்த பொருள் உடலில் நீடித்துத் தங்குகிறது. குழம்பில் இடும் மிளகைப் பற்றி இங்கே அச்சம் வேண்டா. ஆனால் பிப்பெரினைச் செறிவாக்கி விற்கும் வில்லையை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அந்த மாத்திரையின் அளவும் இரத்தத்தில் எதிர்பாராமல் உயரக்கூடும். சேர்த்து உண்ணலாமா என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாதது இதனால்தான்.

அதிமதுரம் இதற்கு இன்னொரு சான்று. பெயரே மிகுஇனிப்பைச் சொல்கிறது. அதிலுள்ள கிளிசிரிசின் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பது. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். நாள்தோறும் மிகுதியாக உண்டால் அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் ஒரு கையால் தாழ்த்துவதை மறுகையால் உயர்த்துகிறார். மருத்துவரோ மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். இது நேர்வதற்குக் காரணம், ‘என்ன மருந்து உண்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்கும்போது, அதிமதுரம் மருந்துப் பட்டியலில் சேராது என்று நோயாளி நினைப்பதே. அவரைப் பொறுத்தவரை அது வீட்டுச் சரக்கு.

நிலவேம்புக்கு வருவோம். மலாய்க்காரர் இதனை ‘ஹெம்பெடு பூமி’, அதாவது நிலத்தின் பித்தப்பை என்கின்றனர். தமிழர் வேம்பை நினைத்தனர், மலாய்க்காரர் பித்தத்தை நினைத்தனர். இரண்டும் கசப்பைச் சுட்டும் பெயர்கள். வேம்புக்கும் இச்செடிக்கும் இனத்தால் உறவில்லை. தமிழ்நாட்டில் டெங்கிக் காய்ச்சல் பரவிய காலங்களில் வழங்கப்பட்ட நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. இங்கே ‘குடிநீர்’ என்பது குழாய்த் தண்ணீர் அன்று. சரக்கை நீரிலிட்டு நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்சி வடித்ததைச் சித்த மருத்துவம் அவ்வாறு அழைக்கிறது. அப்பெயரை மட்டும் கேட்ட மாணவர் சிலர் இலையைத் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும் என்று எண்ணுவதைக் கண்டிருக்கிறோம். டெங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றனவா என்பதை இரத்தச் சோதனை ஒன்றே காட்டும். குடிநீர் எதுவாயினும் அச்சோதனைக்கு ஈடாகாது.

அடிக்கடி கேட்கப்படும் வினா கீழாநெல்லியைப் பற்றியது. சுங்கை வேயின் கால்வாய் ஓரங்களிலும் பூந்தொட்டிகளிலும் தானே முளைக்கும் சிறு செடி இது. இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் நாம் கீழாநெல்லி என்றோம். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் தெரிந்ததால் மலாய்க்காரர் ‘டுக்கோங் அனாக்’ என்றனர். சீனர் சொல்லும் ‘யே சியா சூ’ இலையடி முத்து என்று பொருள்படும். மூன்று இனத்தாரும் ஒரே இடத்தில் குனிந்து பார்த்திருக்கின்றனர்.

அது காமாலையைத் தீர்க்குமா? 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் அவர் குழுவினரும் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெப்பாட்டிடிஸ் பி நச்சுயிரியை உடலில் நெடுநாள் தாங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லியை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர்த் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்து பார்த்தபோது அப்பயன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, மண் வேறா, முதல் ஆய்வு சிறிதாயிருந்ததா என்ற வாதம் நடந்தது. கீழாநெல்லி என்ற ஒரு பெயருக்குள் ஃபில்லாந்தஸ் இனத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் அடங்குவதும் அவ்வாதத்தைத் தெளிவாக்கவில்லை. இன்றளவும் அது நிறுவப்பட்ட மருந்தன்று.

ஆயினும் ‘எங்கள் பாட்டி குணப்படுத்தினாரே’ என்பார்கள். பாட்டி பொய் சொல்லவில்லை. காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. கண்ணும் தோலும் மஞ்சளாகும் ஓர் அறிகுறியின் பெயர். ஹெப்பாட்டிடிஸ் ஏ வந்தவர் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தேறிவிடுவர். அவ்வேளையில் அருந்திய சாற்றுக்குப் புகழ் சேரும். அதே மஞ்சள் நிறம் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் வரும். எலிச்சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் முற்றினாலும் வரும். அவற்றுக்குச் சாறு அருந்தி வாரக்கணக்கில் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. ஒரு சொல் பல நோய்களை மூடிவிடுவதால் விளையும் தீங்கு இது.

ஒரு பெயர் இரு செடிகளுக்கு வழங்குவதால் நேர்ந்த பெருங்கேட்டுக்குப் பெல்ஜியத்தைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கச் சீன மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துப் பழுதடைந்தன. 1993இல் இது மருத்துவ இதழில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மருந்தில் சேர்க்க எண்ணியது ‘ஹான் ஃபாங் ஜி’ என்னும் வேர். சேர்ந்ததோ ‘குவாங் ஃபாங் ஜி’. பின்பாதி ஒன்றாக இருந்ததால் வேர் மாறிவிட்டது. இரண்டாவது, அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது; அதிலுள்ள அமிலமே கேட்டுக்குக் காரணம். அவ்வினத்தார் நமக்கும் அயலவர் அல்லர். ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்தவை. மேயும் ஆடு எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்த்துப் பெயரிட்டவர் நமக்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாமோ அப்பெயரை மனப்பாடப் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

நம் வட்டாரத்தில் இத்தகைய குழப்பம் சீந்தில் கொடியில் நேரக்கூடியது. இங்கே பெருவழக்காகக் கிடைப்பது மலாய்க்காரர் ‘பாத்தாவாலி’ என்று அழைக்கும் கொடி. இரண்டும் டினோஸ்போரா இனம், இலை இரண்டிலும் இதய வடிவினது, இரண்டும் கசக்கும். ஆனால் சீந்தில் தண்டின் மேல்தோல் மெல்லிய தாள்போல் உரியும். பாத்தாவாலியின் தண்டு முழுவதும் பருப்பருவாக மருக்கள் இருக்கும். கொள்ளைநோய்க் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்திலை உண்டு ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். உண்ட கொடி சீந்தில்தானா, அதைப்போன்ற பாத்தாவாலியா என்று இந்திய ஆயுஷ் அமைச்சு எதிர்வினா எழுப்பியது. அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகளைச் சேர்ந்தோர் 43 நோயாளிகளைப் பற்றி எழுதிச் சீந்திலையே சுட்டினர். எதுவாயினும், நலமாக இருந்தவர்கள் நலத்தைக் கூட்டிக்கொள்ள உண்டு நோயாளிகளானார்கள். அமுதவல்லி என்ற மறுபெயர் அவர்களைக் காக்கவில்லை. வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் ‘பிரமி’ என்ற ஒரே பெயர் வழங்குவதும் இவ்வகைக் குழப்பமே. நம் சந்தையில் ‘பெகாகா’ என்று கட்டுக்கட்டாக விற்பது வல்லாரை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ வாங்கும் புட்டியின் மொழிக்கு வருவோம். மலேசியாவில் பதிவுபெற்ற மரபு மருந்துக்கு ‘எம்ஏஎல்’ எனத் தொடங்கி எட்டு இலக்கமும் இறுதியில் ‘டி’ என்ற எழுத்தும் கொண்ட எண் இருக்கும். பாதுகாப்பு ஹோலோகிராம் வில்லையும் ஒட்டியிருக்கும். அதன் கீழே ‘உடல்நலத்துக்காக மரபுவழியாகப் பயன்படுத்தப்படுவது’ என்னும் பொருளில் மலாயில் எழுதியிருப்பர். இவ்வினைமுற்றைக் கூர்ந்து நோக்குக. ‘குணப்படுத்தும்’ என்று அது சொல்லவில்லை; மக்கள் பயன்படுத்தி வந்தனர் என்ற செய்தியை மட்டுமே சொல்கிறது. பதிவு செய்யும்போது பார்க்கப்படுவது மருந்தின் தரமும் பாதுகாப்பும். நோயாளிகளிடம் சோதித்து மெய்ப்பித்த பயன் அன்று. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆகவே ஒரு புட்டி ‘நீரிழிவு அடியோடு மறையும்’ என்று தமிழில் முழங்கினால், அதுவே ஐயுறுவதற்குப் போதிய காரணம்.

பதிவெண் இல்லாத பொடியில் வேறொரு ஆபத்தும் உண்டு. மூட்டுவலி ஓரிரவில் போய்விட்டதென்றால், அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இத்தகைய கலப்படங்களைக் கண்டுபிடித்து அவ்வப்போது அறிவித்து வருகிறது. முகம் ஊதும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும். உண்பவரோ தாம் வேரையும் இலையையும் மட்டுமே உண்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

தமிழ்ப்பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர்ப்பலகையில் ‘நீரிழிவுக்கு நல்லது’, ‘காமாலைக்கு மருந்து’ என்று எழுதும் இடத்தில், தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், அறிவியல் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுக. பாத்தாவாலிக் கொடி இருந்தால் அதனருகே சீந்தில் என்று எழுதாதீர். தண்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வசம்பு இருந்தால், அதைப் ‘பேர்சொல்லா மருந்து’ என்று பாட்டிமார் ஏன் அழைத்தனர் என்பதை மாணவர் வீட்டில் கேட்டு எழுதிவரட்டும். அதோடு, குழந்தை நாக்கில் உரைத்துத் தடவிய அவ்வேரின் அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் தந்ததால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.