யாருக்கான போர்வை?

பெரிய கல்வராயன் மலையின் சராசரி உயரம் 4,000 அடி. சின்ன கல்வராயன் 2,700 அடி. அடிவாரக் கச்சிராயபாளையத்தில் புழுக்கம் தாங்காமல் வாசலில் படுக்கிற ராத்திரியில்கூட மலைமேல் வெள்ளிமலையில் ஆள் முடங்கித்தான் படுப்பார். மார்கழி, தை பற்றிக் கேட்கவே வேண்டாம். 1976 வரை ஜாகிர்தார்களின் கையிலிருந்த மலை இது. காசு கொடுத்துப் போர்வை வாங்குவது அன்றைக்கு எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமாக இல்லை. முடிந்தவர் தோளில் கறுப்புக் கம்பளி கிடக்கும். மற்ற வீடுகளில், மலையானாலும் அடிவாரமானாலும், பழந்துணிதான் படுக்கை, பழந்துணிதான் போர்வை.

அந்தப் பழந்துணிக்கும் ஒரு வேலைப்பாடு உண்டு. கட்டிக் கட்டி நைந்த நூல் சேலை இரண்டை மேலும் கீழுமாக வைத்து, நடுவில் கிழிந்த வேட்டி, பாவாடைத் துணி, பழைய துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் சமமாகப் பரப்ப வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் படுக்கிறவர் முதுகு சொல்லிவிடும். ஓரத்தை உள்மடித்துச் சுற்றிலும் தைத்த பிறகு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெருக்கமாக நூலோட்டம். இற்றுப்போன இடத்தில் வேறு நிறத்தில் ஓர் ஒட்டு. அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். நூலோட்டம் அடுக்குகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இது முதல் தேவை. கஞ்சி மொடமொடப்பு போகாத புதுத்துணி பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தும். பல வருஷம் வெளுத்த பாட்டி சேலை உறுத்தாது.

இதே கணக்கை ஏழை வீடுகள் எல்லா ஊரிலும் போட்டிருக்கின்றன. வங்காளத்தில் அது கந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வட கன்னடக் காட்டோரத்தில் தைக்கும் கவந்தி வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணை வீடுகளில் அதற்கு ‘வாகா’ என்று பெயர். கோதுமை மாவு வந்த சாக்குகளைப் பிரித்து, பழைய கம்பளித் துணிகளை உள்ளே வைத்து, சணல் கயிற்றால்கூடத் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் பல குடும்பங்களின் குளிரைத் தாங்கியது அந்தச் சாக்குப் போர்வைதான்.

இங்கே அந்தப் பழக்கத்தை முதலில் அசைத்தது துணியே. நூல் சேலை போய் பாலியஸ்டர் சேலை வந்தது. சாயம் போகாது, சீக்கிரம் காயும், கிழியாது என்று பெண்கள் விரும்பி வாங்கினார்கள். வயல் வேலைக்கும் அதுதான் தோது. ஆனால் அடுக்கிவைத்துத் தைத்தால் வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது, எத்தனை வருஷமானாலும் மெத்தென்று ஆகாது. 1983இல் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டம் ஏழை வீட்டுக்கும் வருஷம் ஒரு புதுத்துணியைக் கொண்டுவந்தது. சென்னிமலைப் போர்வையும் சோலாப்பூர் போர்வையும் கள்ளக்குறிச்சிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கும் வியாபாரி தெருவுக்கு வந்ததும், பரணில் மூட்டையாகக் கிடந்த துணியும் போய்விட்டது. குளிர் அப்படியே இருக்கிறது. அதற்காக இரண்டு வாரம் ஊசியோடு உட்கார வேண்டிய அவசியம் மட்டும் தீர்ந்தது. தீர்ந்ததற்கு யாரும் வருத்தப்படவில்லை, வருத்தப்படவும் வேண்டியதில்லை.

மலையின் மேற்குப் பக்கம் கதை வேறு. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்ட எல்லைக்குள் கிடக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளே அதிகம். கூடவே லம்பாடிகளின் தாண்டாக்கள் இரண்டு. பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றி நாடு முழுக்க நடந்தவர்களின் வம்சம் அது. ரயில் வந்து பொதிமாட்டு வணிகம் படுத்தபின், குடியேறிய இடத்தில் நிலத்தை நம்பி நின்றார்கள்.

லம்பாடிப் பெண்ணின் தையல் இல்லாமையில் பிறந்ததன்று. பேட்டியா என்கிற தன் பாவாடையையும் காஞ்சளி என்கிற ரவிக்கையையும் அவளே தைத்தாள். கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம், கலர் நூல். துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணி ஊசி இறங்கும். ஓரத்தில் காங்குரா என்கிற ஒட்டுத்துணி வேலை. விலை என்ற பேச்சே இல்லாத உழைப்பு அது. உடுத்தப் போகிறவளும் அவள், குறை சொல்லப் போகிறவளும் அவள். ஆற அமர, நிறம் பிடிக்கும்வரை பிரித்துப் பிரித்துத் தைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த மலைப்பக்கத்தில் பொழுதுபோக்குக்காகத் தைத்தவர் என்று யாரையாவது காட்ட வேண்டுமானால் அவளைத்தான் காட்டலாம்.

அவளுடைய பெண்கள் சேலைக்கு மாறினார்கள். மற்றவர்களைப்போல உடுத்தினால் பஸ்ஸிலும் சந்தையிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேட்டியா பெட்டிக்குள் போனது. ஊசிப் பழக்கமும் ஓரிரு தலைமுறையில் விட்டுப்போனது. மழை பொய்த்த வருஷங்களில் பள்ளத்தாக்கின் இளவயதினர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். பாட்டி தைத்த பாவாடையைப் பெட்டியில் வைத்துவிட்டு, பேத்தி அடுத்த நாட்டுக்காரர் போடும் சட்டைக்கு ஓவர்லாக் அடித்தாள்.

திருப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. 1993இல் சிட்டிலிங்கிக்கு வந்து ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும், நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, ஊரில் வருமானமும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். இயற்கை விவசாயிகள் சங்கம் முதலில் உருவானது. பிறகு 2006இல், லம்பாடிப் பெண்களோடு சேர்ந்து லலிதா தொடங்கிய கைவினை அமைப்பு ‘பொர்கை’. பழைய தையல் தெரிந்த மூத்த பெண்கள் தாண்டாவில் இரண்டொருவரே மிஞ்சியிருந்தார்கள். அவர்களிடமிருந்து இளம் பெண்கள் கற்றார்கள். இன்று சுமார் 60 பெண்கள் தைக்கிறார்கள். பாவாடையில் இருந்த அதே தையல் இப்போது குர்தாவிலும் பையிலும் தலையணை உறையிலும் போர்வையிலும் ஏறி, கண்காட்சிகள் வழியாக வெளியூர் வீடுகளுக்குப் போகிறது.

கை மாறவில்லை, கைக்குக் கட்டளையிடுகிறவர் மாறியிருக்கிறார். அன்று கறுப்பின் பக்கத்தில் எந்தச் சிவப்பு என்பதைத் தைத்தவளே தீர்மானித்தாள். இன்று வாங்குகிறவரின் வரவேற்பறைச் சுவரும் அந்தத் தீர்மானத்தில் பங்கு கேட்கிறது; அளவு, தேதி, எண்ணிக்கை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஈடாகக் கிடைத்ததும் சிறியதில்லை. வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கலாம். திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டாம். பெட்டிக்குள் ஒளித்துவைத்த பாவாடையை வெளியே எடுத்துக் காட்டுவதில் கூச்சம் போயிருக்கிறது.

கர்நாடகத்தின் சந்தூரில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. லம்பாடிகளை அங்கே லம்பாணிகள் என்பார்கள்; சந்தூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 பண்பாட்டுக் கூட்டம் நடந்தபோது, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 ஒட்டுத்துணி வேலைகளை ஒரே இடத்தில் விரித்துக் கின்னஸ் சாதனையாக்கினார்கள். நம் பக்கம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் குறியீடு கிடைத்தது. மலைக்கு அந்தப்புறத்து ஊசிக்கு அப்படிப்பட்ட பட்டம் இன்னும் வாய்க்கவில்லை.

ஆஸ்திரேலிய வாகாவும் இதேபோல் ஒதுக்கப்பட்டு, பிறகு மதிப்புப் பெற்றது. ஏழ்மையின் அடையாளம் என்று கொட்டகையில் போட்ட சாக்குப் போர்வையைப் பிறகு தேடி எடுத்து, நியூ சவுத் வேல்ஸின் டம்பரம்பா அருகே பயனியர் விமன்ஸ் ஹட் போன்ற சிற்றூர் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. அந்தப் பாட்டிகளின் பேத்திகள் பண்ணை வேலை முடிந்த மாலைகளில் பஞ்சுத் துணி வெட்டி, கூடிப் பேசிக்கொண்டே, விற்கிற எண்ணமில்லாமல் தைக்கிறார்கள். ஒன்று பேரனுக்கு, ஒன்று தோழிக்கு, பிடிக்காத ஒன்று நாய்க்கு. தேவையிலிருந்து பொழுதுபோக்குக்கு அவர்கள் நேராக வந்துவிட்டார்கள். இங்கே பாதை அப்படி அமையவில்லை. போர்வை தைத்த கை கடைப் போர்வைக்கு மாறியது. ஆசைக்குத் தைத்த கை கூலிக்கு மாறியது. மரவள்ளிக் காடு, நூறு நாள் வேலை, அடுப்பு, ஆடு எல்லாம் போக, விலை பேசாமல் ஊசி பிடிக்க மிஞ்சும் நேரம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

கிழிசலைத் தைத்துப் போர்த்திய காலம் திரும்ப வேண்டியதில்லை. கைத்தையலைக் கொண்டாடுகிறவர்கள் கேட்க வேண்டியவை இரண்டு: கொடுக்கும் விலை அவள் உட்கார்ந்த மணிக்கணக்குக்கு ஈடாகிறதா? வீட்டுச் செலவு போக, தன் பெண்ணுக்கோ பேத்திக்கோ ஒரு போர்வை தைக்க அவளுக்கு ஒரு மாதம் மிஞ்சுகிறதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் தொழில் நிலைத்தது என்று சொல்லலாம். இரண்டாவதற்கும் ஆமாம் என்றால்தான், பேட்டியா தைத்த பாட்டிக்கு இருந்த சுதந்திரம் பேத்திக்கும் கிடைத்தது என்று கணக்கு வைக்க முடியும்.