பாட்காஸ்ட் தட்டியெழுப்பிய கொலை வழக்கு

சிட்னிக்கு வடக்கே பேவியூவில் வசித்த லினெட் டாசன் 1982 ஜனவரியில் காணாமல் போனபோது அவருக்கு வயது 33. நர்ஸ். வீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கடைக்குப் போனவளை மோனா வேல் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன், பிறகு போன் செய்து கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும் என்றாள் என்று கணவர் கிறிஸ் டாசன் சொன்னார். முன்னாள் ரக்பி லீக் வீரர், பள்ளி விளையாட்டு ஆசிரியர். அவர் போலீஸில் புகார் கொடுக்கவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது. அதற்குள் அவருடைய மாணவி ஒருத்தி அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டாள்.

குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் போகமாட்டாள் என்று லினெட்டின் உடன்பிறந்தவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். 2001, 2003 என இரண்டு மரண விசாரணைகள் நடந்தன. இரண்டிலுமே கொலை வழக்குத் தொடரலாம் என்ற பரிந்துரை வந்தது. ஆதாரம் போதாது என்று அரசு வழக்குத் துறை கைவிரித்துவிட்டது.

2018 மே மாதம் 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழின் செய்தியாளர் ஹெட்லி தாமஸ் 'தி டீச்சர்ஸ் பெட்' என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கினார். உலகெங்கும் கோடிக்கணக்கான முறை அது தரவிறக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார், பழைய மாணவிகள், உறவினர்கள் எல்லோரும் மனம் திறந்து பேசினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கிறிஸ் டாசன் கைதானார். அடுக்கி வைத்திருந்த கோப்புகளைத் திறக்க வைத்த பெருமையில் இந்தத் தொடருக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே தொடர்தான் வழக்கைக் கவிழ்க்கவும் பார்த்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய சம்பவத்துக்கு மிஞ்சியிருப்பது மனிதர்களின் ஞாபகம் மட்டும்தான். ஒரு சாட்சி மற்றவர்களின் பேட்டியைக் கேட்டுவிட்டுக் கூண்டில் ஏறினால், அவர் சொல்வது தானே கண்டதா, காதில் விழுந்ததா? எதிர்த்தரப்பு வக்கீல்கள் இந்தக் கேள்வியை விடவே இல்லை. இவ்வளவு விளம்பரத்துக்குப் பிறகு நியாயமான விசாரணை உடனடியாகச் சாத்தியமில்லை என்று 2020இல் நீதிபதி எலிசபெத் ஃபுல்லர்டன் வழக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். அதற்கு முன்பே தொடர் ஆஸ்திரேலியாவில் மட்டும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கடைசியில் ஜூரி இல்லாமல், நீதிபதி இயன் ஹாரிசன் தனியாகவே வழக்கைக் கேட்டார். இத்தனை இழுபறியையும் தாங்கியது லினெட்டின் குடும்பம்தான். குடும்பத் துயரத்தைத் தொடராக்குகிறவர்கள் இதை எந்நேரமும் மனதில் வைத்திருக்க வேண்டும். கிடைக்கிற தகவல் காவல்துறைக்கு முதலில் போகட்டும், நேயர்களுக்கு அப்புறம் போகலாம். ஒரு வார எபிசோடு தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை.

2022 ஆகஸ்ட் 30 அன்று கிறிஸ் டாசன் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை 24 ஆண்டுச் சிறை. 2024இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இனி எங்கள் அக்காவை டாசன் என்ற பெயரால் அழைக்காதீர்கள், அவர் லினெட் ஜாய் சிம்ஸ் என்று தம்பி கிரெக் சிம்ஸ் கேட்டுக்கொண்டார்.

உடல் இன்னும் கிடைக்கவில்லை. கொன்றவர் உடல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒத்துழைக்காவிட்டால் பரோல் கிடையாது என்று நியூ சவுத் வேல்ஸ் 2022இல் சட்டம் கொண்டுவந்தது. அதை அங்கே 'லின் சட்டம்' என்றே சொல்கிறார்கள்.