நிறை குறைக்கப் புகுமுன்

முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். பாடக்குறிப்பு எழுதாமல் ஒருநாளேனும் வகுப்பினுள் நுழைந்ததில்லை. மாணாக்கர் முன்பு எதனைக் கற்றிருக்கின்றனர், இன்று எதனைக் கற்பிக்கப் போகின்றோம், எவ்விடத்தில் அவர்கள் இடறுவர் என்பனவற்றை முன்னரே சிந்தித்து வைத்தல் ஆசிரியரின் கடன் என்று இளம் ஆசிரியர்களுக்கும் எடுத்துரைத்து வந்தேன். அத்தகைய நான், என் உடலின் நிறையைக் குறைக்கும் கருமத்தில் மாத்திரம் ஒருவரிக் குறிப்புமின்றி மூன்று முறை இறங்கினேன். மூன்று முறையும் தோற்றேன்.

முதன்முறை, தைப்பொங்கலுக்கு மறுநாள் தொடங்கிச் சோற்றை முற்றாக விலக்கினேன். ஒன்பதாம் நாள் ஒரு கலியாண வீட்டில் அவ்விரதம் முடிவுற்றது. இரண்டாம் முறை, விடியற்காலையில் ஓடத் தொடங்கி, ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கி வீட்டிற் கிடந்தேன். மூன்றாம் முறை, எனக்கெனத் தனிச் சமையல் வேண்டுமென்று இல்லாளைப் பணித்தேன். இரண்டு கிழமை பொறுத்தாள். பின்னர் அவளும் சலித்தாள், நானும் சலித்தேன். ஒவ்வொரு தோல்வியின் பின்பும், இழந்த நிறை மீண்டு வந்ததோடு, 'உன்னால் இயலாது' என்ற எண்ணமும் உடன்வந்து குடிபுகுந்தது.

சென்ற ஆண்டு மருத்துவர் என் இரத்தத்தைச் சோதித்தார். நீரிழிவின் வாயிலில் நிற்கின்றேன், உள்ளே இன்னும் புகவில்லை என்பதே அவர் கூற்றின் சாரம். என் தமையனார் அவ்வாயிலைக் கடந்து சென்றவர். காலிற் குத்திய சிறு முள்ளொன்று ஆறாப் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. அவருடைய ஊன்றுகோலின் ஒலி இன்றும் எங்கள் விறாந்தையிற் கேட்கின்றது. மருத்துவர் பேசிய வேளையில் என் செவியில் விழுந்தது அவ்வொலியே.

ஆயினும், வாயிலில் நிற்பவன் திரும்பி வரலாம். நீரிழிவுக்கு அணித்தாக நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்ற பேராய்வொன்றின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தல், வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற பயிற்சி செய்தல் என்னும் இரண்டையும் இலக்காகக் கொண்டோரிடையே, வெற்று மாத்திரை பெற்றோரைக் காட்டிலும், புதிதாக நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 7 என்பது 82 கிலோ நிறையுடைய எனக்கு 6 கிலோவுக்கும் குறைவு. இருபது வயது உடலை மீட்கப் புறப்பட்டது எத்துணைப் பேதைமை என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

மறுநாளே தொடங்குவதாக மருத்துவரிடம் கூறினேன். அவர் என் பழைய மாணாக்கர். சிரித்துக்கொண்டே, "வேண்டாம் சேர், இரண்டு கிழமைக்கு ஒன்றையும் மாற்றாதேங்கோ. சாப்பிடுறதையெல்லாம் எழுதிக்கொண்டு வாங்கோ" என்று எனக்கு வீட்டுவேலை தந்தார்.

முதலில் அளந்தறிதல் ஆராய்ச்சியாளரின் முறையுமாகும். 1944 ஆம் ஆண்டு நவம்பரில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்சல் கீஸ் என்பார், பட்டினியின் இயல்பை அறியத் தாமாக முன்வந்த 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். உணவைக் குறைக்குமுன் 12 வாரம் போதிய உணவளித்து அவர்களின் உடல்நிலையை அளந்தார். அடுத்த 24 வாரம் உணவு ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டது. உடல் நிறையிற் காற்பங்கு குறைந்தது. ஆனால், அவர்கள் சிந்தையை உணவே ஆட்கொண்டது. சமையல் நூல்களை வாசிப்பது சிலருக்குப் பெரும் பொழுதுபோக்காயிற்று. கலியாண வீட்டில் என்னை வீழ்த்தியது மனவுறுதியின் குறைவு மாத்திரமன்று, நானே திடீரென வரவழைத்த பசியுமாகும் என்பதை இவ்வாய்விலிருந்து உணர்ந்தேன்.

ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கி மூன்று நிரல் கீறினேன்: உண்ட நேரம், உண்ட பொருள், உண்ட காரணம். முதற் கிழமையிலேயே குற்றவாளி பிடிபட்டான். நான் பழி சுமத்திய சோறு அன்று, தேநீர். நாளொன்றுக்கு 8 கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராமாக 64 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் அடக்கவேண்டும் என்பது உலக சுகாதார தாபனம் 2015 இல் வகுத்த வரம்பின்படி வரும் கணக்கு. தேநீரினாலேயே அவ்வரம்பைக் கடந்திருந்தேன்.

மூன்றாம் நிரல் இன்னும் கசப்பானது. பின்னேரத்து வடைகளுக்கு எதிரே 'பசி' என்று ஒருநாளேனும் எழுத முடியவில்லை. 'பொழுது போகவில்லை' என்றே மீண்டும் மீண்டும் எழுதியிருந்தேன். ஓய்வுபெற்றபின் வெறுமையாகிவிட்ட நேரத்தை வடையால் நிரப்பியிருக்கின்றேன்! வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். நோயின் காரணத்தை நாடியபின் செயற்படுமாறு மருத்துவனையும் பணித்தார். அதனை எத்தனையோ வகுப்புக்குப் படிப்பித்தவன், தன் காரணத்தை நாட மறந்தான்.

இரண்டாம் கிழமை பாடக்குறிப்பு எழுதினேன். வடை நேரமே நடை நேரம்: நாளுக்கு 30 நிமிடமாகக் கிழமைக்கு 5 நாள். முழங்காலுக்கு ஏற்ற சப்பாத்து. தேநீர் 4 கோப்பை, கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி சீனி. நிறை பார்ப்பது கிழமைக்கு ஒருமுறை. வரவிருக்கும் கலியாணங்களையும் திருவிழாக்களையும் நாட்காட்டியிற் குறித்தேன். இடறிய நாளில் என் செய்வது என்பதற்கும் விடை எழுதினேன்: அடுத்த வேளை உணவிலேயே மீண்டும் தொடங்குக. நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தல் ஆகாது என்பதையும் இங்குக் கூறவேண்டும்.

தனிச் சமையல் என்ற பேச்சை விடுத்து, வீடு முழுவதற்கும் பொருந்துவது யாது என்று இல்லாளிடம் கேட்டேன். குரக்கன் பிட்டும் கீரையும் கூடும், தேங்காய்ப்பால் குறையும் என்று முடிவாயிற்று. "இதை முதலே என்னட்டைக் கேட்டிருந்தா, நானும் உங்களோடை நடந்திருப்பன்" என்றாள். பதினைந்தாம் நாள், நல்ல நேரம் பாராமல், இருவரும் நடக்கப் புறப்பட்டோம்.

ஐந்து மாதம் சென்றது. 82 என்பது 77 ஆயிற்று. அண்மையில் ஒருநாள் தமையனார் அக்கொப்பியை எடுத்து நெடுநேரம் புரட்டினார். பின்பு, "தம்பி, எனக்கு ஒருத்தரும் இப்பிடி எழுதச் சொல்லேல்லை" என்று மாத்திரம் கூறி மூடிவைத்தார்.

அச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தொடங்குவதற்கு நாட்பார்த்திருக்கும் அன்பர்கள், முதலில் ஒரு கொப்பி வாங்குவார்களாக.