விமானப் பணியாளரின் நிதானமும் அதற்குரிய காப்பும்

திருமலையில் கோகர்ப்பத்தருகே நெடுங்காலம் தவமிருந்து கீழிறங்கி வந்த மலையாள சுவாமிகள், 1926ஆம் ஆண்டில் ஏர்பேட்டில் வியாசாசிரமத்தை ஸ்தாபித்து, ஜாதி பேதமும் ஆண் பெண் பேதமும் பாராமல் சம்ஸ்கிருதமும் வேதாந்தமும் கற்பித்தார் என்பது அந்தப் பக்கத்து மக்கள் நன்கறிந்த சரித்திரம். புலனடக்கம் போதிக்கப்பட்ட அவ்வூரிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திச் சாலையைப் பின்னோக்கிப் பிடித்தால் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு அதிக தூரமில்லை. 2015 அக்டோபரில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டதும், ஐ.ஐ.டி.யும் ஐசரும் ஏர்பேட்டுக்கு வந்ததும், வானத்தில் பறப்பதை அயலார் காரியமாக எண்ணியிருந்த குடும்பங்களுக்குங்கூட அதை அண்டைவீட்டுச் செய்தியாக்கிவிட்டன. ஆகவே இந்தப் பிரதேசத்து யுவதிகளும் இளைஞர்களும் விமானப் பணியில் சேர ஆசை கொள்வதில் வியப்பில்லை. அந்த உத்தியோகத்துக்கு உயரமும் தோற்றமும் ஆங்கிலப் பேச்சுமே போதும் என்று அவர்களிடம் சொல்லப்படுவதுதான் வருத்தத்துக்குரியது.

ஆசிரமவாசி பழகும் அடக்கம் அவருடைய ஆத்ம லாபத்துக்கானது. விமானப் பணிப்பெண்ணின் அடக்கமோ, முன்பின் அறியாத இருநூறு பேருடைய பிராணனைக் காக்கும்பொருட்டுச் சம்பளத்துக்காகப் பழகிக்கொள்ளப்படுவது. ஆதலால் அதைக் கற்பிக்கும் கடமையும், அது தேய்ந்துபோகாமல் போஷிக்கும் கடமையும் அவரை வேலைக்கு வைத்த ஸ்தாபனத்தையே சேரும். இதை மறந்து, அதைப் பிறவிக் குணம்போலவோ பெண்மைக்கு இயல்பான பொறுமைபோலவோ பேசுவதால் விளையும் தீங்குகள் பல.

அந்த நிதானம் எத்தகையது என்பதற்கு, 2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் நடந்ததைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையிலிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டார்கள். பெரிய விமானத்திலோ 379 பேர். அறிவிப்புச் சாதனம் செயலிழந்தது. உள்ளே புகை பரவிற்று. கதவைத் திறக்கச் சொல்லிப் பிரயாணிகள் கூவினார்கள். வெளியே தீ இருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்தால் தீ உள்ளே வரும் என்று பயின்றிருந்த பணியாளர்கள், அந்தக் கூக்குரலுக்கு இணங்கிவிடாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்து, எட்டு வாயில்களில் மூன்றே உபயோகத்துக்கு உகந்தவை என்று தீர்மானித்து, தொண்டையாலும் மெகாபோனாலும் கட்டளையிட்டு, கைப்பைகளை விட்டுவரச் செய்து, அனைவரையும் உயிரோடு வெளியேற்றினார்கள். முன்பக்கத்தோடு பேச வழியற்றிருந்த நிலையில், பின்வாயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதை அங்கிருந்தவரே தம் பொறுப்பில் முடிவு செய்ய நேர்ந்தது.

இது பயிற்சியால் வருவது. பேரச்சம் மனிதனைப் பற்றும்போது பார்வை குறுகுகிறது, காது மந்தமாகிறது, புதிதாக யோசிக்கும் சக்தி குன்றுகிறது. அப்போது கைகொடுப்பது நூறு முறை செய்து உடம்பில் ஊறிய அப்பியாசமே. அதனால்தான் மாதிரி விமானத்தில் புகையைப் பரப்பிக் கதவு திறக்கச் செய்கிறார்கள். தீயை அணைக்கவும், நீரில் மிதவையில் ஏறவும் பழக்குகிறார்கள். மென்குரலாருக்குங்கூட வயிற்றிலிருந்து கட்டளையிடக் கற்பிக்கிறார்கள். விமானம் கிளம்பும் தருணத்தில், பிரயாணிகளை நோக்கிய மடக்கு இருக்கையில் முதுகு நிமிர்த்தி, அசையாமல் அமர்ந்திருக்கும் பணிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். சும்மா இருப்பதாகவே தோன்றும். அந்த அரை நிமிஷத்தில் அவர் மனத்துக்குள் ஒரு பாடம் ஒப்பிக்கிறார்: இந்தக் கதவின் பிடி எப்பக்கம் திரும்பும், முதல் கட்டளை எது, தீயணைப்பான் எங்கே, எந்த வரிசையில் உள்ள திடகாத்திரர் உதவுவார், நடக்க மாட்டாத முதியவர் யார்? ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஒவ்வோர் இறக்கத்திலும் இது நடக்கிறது. சினத்தை ஆற்றுவதற்கும் இதே மார்க்கந்தான்: உள்ளிழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளிவிடுதல், குரலை ஒரு படி தாழ்த்துதல், தகராறு செய்பவரிடம் தனித்து நில்லாமல் சகபணியாளரை அழைத்துக்கொள்ளுதல்.

நிதானத்தை மௌனத்தோடு குழப்பிக்கொள்ளும் அபாயமும் உண்டு. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வர்த் என்னுமிடத்தில் வீழ்ந்த விமானத்தின் விமானிகள், பழுதான இடது என்ஜினுக்குப் பதிலாகச் செவ்வையாயிருந்த வலது என்ஜினை நிறுத்திவிட்டார்கள். இடப்புறம் தீ தெரிந்ததைப் பணியாளர் சிலர் கண்டிருந்தும், விமானிக்குத் தெரியாதது தமக்குத் தெரிந்திராது என்ற மரியாதை உணர்ச்சியாலோ என்னவோ, அச்செய்தி விமானி அறையை எட்டவேயில்லை. 126 பேரில் 47 பேர் மடிந்தார்கள். தலைவரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லும் தைரியத்தை இன்று விமானிகளுக்கும் பணியாளருக்கும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

ஆனால் அன்றாடம் அவர்களைத் தேய்ப்பது தீயும் புகையும் அல்ல, மனிதர்களே. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்டு, டெல்டா விமான நிறுவனத்தின் பயிற்சி வகுப்புகளை நேரில் கவனித்து 1983இல் வெளியிட்ட நூலில், உள்ளத்தில் எழும் உணர்ச்சியை அடக்கி வேறோர் உணர்ச்சியை முகத்தில் வரவழைப்பதும் உழைப்பே என்று எடுத்துக்காட்டினார். விரலைச் சொடுக்கி அழைப்பவரிடமும், ஏளனமாய்ப் பேசுபவரிடமும் இன்முகம் காட்டுவது பாரம் சுமப்பதைப் போன்றது. உறக்கமும் ஓய்வும் குறைந்தவரால் அதை வெகுநேரம் சுமக்க முடியாது. ஆகையால் விமானப் போக்குவரத்து இயக்ககம் விதித்துள்ள பணிநேர வரம்பையும் ஓய்வு நேரத்தையும் மீறுகின்ற நிறுவனம், நிதானப் பயிற்சி எத்தனை நாள் நடத்தினாலும் பிரயோஜனமில்லை. மனம் சோர்ந்தவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அப்படிப் பேசுவது வேலைக்கு லாயக்கற்றவர் என்பதன் அடையாளமாகாது.

அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வது பணியின் அங்கமன்று. சட்டமும் அவ்வாறே கூறுகிறது. 2017 செப்டம்பரில் இயக்ககம் வெளியிட்ட விதிகள் பிரயாணிகளின் முறைகேட்டை மூன்று தரமாக்கின. ஏச்சும் குடிபோதைக் கலாட்டாவும் முதல் தரம்: மூன்று மாதம் வரை விமானப் பயணத் தடை. தள்ளுதல், அடித்தல், தகாத முறையில் தொடுதல் இரண்டாம் தரம்: ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செய்கைக்கு இரண்டாண்டுக்குக் குறையாத தடை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தடை பெற்றவர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சம்பவத்தை விமானத் தலைவரிடம் உடனே தெரிவிப்பதும், அதை எழுத்தில் பதிவதும் பணியாளரின் உரிமை, கடமையுங்கூட. 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் ஒரு மூதாட்டி சகபயணி ஒருவரால் பட்ட அவமானம் இயக்ககத்தின் கவனத்துக்கு வர ஜனவரி ஆகிவிட்டது. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும் விமானிக்கு மூன்று மாத உரிமத் தடையும் விதிக்கப்பட்டன. சமாதானமாகப் போய்விடுங்கள் என்று காரியத்தை மூடிவைப்பது நிதானம் ஆகாது என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தரவேண்டும்.

பாலியல் தொல்லையானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75ஆம் பிரிவுகளின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தொல்லை செய்பவர் மேலதிகாரியானால், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் உள்விசாரணைக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பணிக்காக நிறுவனம் அனுப்பும் வாகனமும் அச்சட்டப்படி பணியிடமே. இவ்வுரிமைகள் எளிதில் வந்தவையல்ல. முதற் கருவுற்றதும் பணிப்பெண் வேலையை இழக்க வேண்டும் என்றிருந்த ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் ரத்து செய்தது 1981இல்தான்.

இனி, சேர விரும்புகிறவர்களின் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். விமானப் பணியாளருக்குரிய பாதுகாப்புப் பயிற்சியை, வேலைக்கு எடுத்துக்கொண்ட பின் விமான நிறுவனமே இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் அளிக்கிறது. தனியார் பயிற்சி நிலையங்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. வேலை நிச்சயம் என்ற வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். ரசீதில்லாமல் பணம் கொடாதீர்கள். மூலச் சான்றிதழ்களை ஒப்படைத்துவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் போலி நியமனக் கடிதம் அனுப்பிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930. இடையில் விலகினால் இவ்வளவு தொகை தரவேண்டும் என்ற பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் எவ்வளவு குறித்திருந்தாலும் நீதிமன்றம் அளிப்பது அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டுத்தொகையே.

பிரயாணிகளான நாமும் சாட்சிகளாக உதவலாம். பணிப்பெண்ணை ஒருவர் ஏசுவதையோ தொடுவதையோ கண்டால், விமான எண்ணையும் இருக்கை எண்ணையும் நேரத்தையும் இறங்குவதற்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, தலைமைப் பணியாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.