25-ஆவது டிகிரி

அனுமந்தையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். போகிறவர் கண்ணில் படுவது வெள்ளைக் குவியலும் வாருபலகையும்தான். தரமான உப்பா, கசக்கும் உப்பா என்பதை நிர்ணயிப்பது என்னவோ கையில் அடங்கும் ஒரு கண்ணாடிக் குழல்.

குழலின் அடியில் கனமான குண்டு, மேலே அளவுக்கோடுகள். பாத்தித் தண்ணீரை மொண்டு அதில் மிதக்கவிட்டால் 'டிகிரி' தெரியும். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் குழல் மேலெழும். 1768-இல் இந்த அளவை வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர். நல்ல தண்ணீரில் குழல் நிற்கும் இடம் 0. 15 பங்கு உப்பை 85 பங்கு நீரில் கரைத்தால் நிற்கும் இடம் 15. உப்பை வைத்தே பிறந்த அளவு உப்பளத்துக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் சுண்ட ஆரம்பித்ததும் முதலில் படிவது சுண்ணாம்பு. 13-ஐத் தாண்டியபின் ஜிப்சம். உப்பு பூப்பதோ 25-ஐ ஒட்டித்தான். அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிவிடும். டிகிரி ஏறுமுன்பே அவசரப்பட்டுத் தண்ணீரை உப்புப் பாத்திக்குத் திருப்பினால் ஜிப்சமும் உப்போடு கலந்துவிடும். அதிகம் காத்திருப்பதும் ஆபத்து: 29, 30-க்கு மேல் மக்னீசிய உப்புகளின் கை ஓங்கும். உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால் மிஞ்சிய நீரை அந்தக் கட்டத்தில் வடித்துவிடுகிறார்கள்.

உச்சிவெயிலில் சூடேறிய நீர் டிகிரியைக் குறைத்துக் காட்டும் என்பதால் வெப்பமானியும் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். மழை பெய்தாலோ, திருத்துவதற்கே ஒன்றும் இருக்காது.

இந்தப் படியும் வரிசையை 1849-இல் மத்தியதரைக் கடல்நீரைச் சுண்டவைத்து அளந்து பதிவு செய்தவர் இத்தாலிய வேதியியலாளர் உசிக்லியோ. அதே கடலின் அடியை 1970-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் துளையிட்டபோது ஜிப்சமும் உப்பும் மேலே வந்தன. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாய் அடைபட்டு வற்றிய கடல் விட்டுப்போன படிவுகள் அவை.

உப்புச் சுரங்கங்களில் துளைமண்ணை ஆராயும் நிலவியல் தொழில்நுட்பருக்கும் இந்த வரிசையே வழிகாட்டி. கீழே சுண்ணாம்பு, அதன்மேல் ஜிப்சம், அதற்கும் மேல் உப்பு. உப்புக்கு மேலே மறுபடியும் ஜிப்சம் தென்பட்டால், அந்த இடத்தில் புதுக் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கலாம் என்று குறித்துக்கொள்வார்.