கடலடியில் கற்ற கண்

புதிதாய்ச் சுழியோடப் பழகுகிறவனுக்கு ஊக்கத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. நேற்று இரண்டு பாகம் இறங்கியவன் இன்று மூன்று பாகம் இறங்குகிறான். அந்தக் கணக்கே மறுநாளும் அவனைக் கடலுக்கு அழைத்துவிடும். சில காலத்தில் கணக்கு நின்றுவிடுகிறது. மூச்சுக்கும் ஓர் எல்லையுண்டல்லவா? பலர் சலித்துக் கரையேறுவது அப்போதுதான்.

கரையேறாதவர்கள் அளவுகோலை மாற்றிக்கொண்டவர்கள். திருகோணமலையில், கோணேசர் மலையடிக் கடலில், 1956ஆம் ஆண்டு சுழியோடிய மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்த கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் அங்கே கண்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலடியில் கிடந்த கல், பழகாத கண்ணுக்கு வெறும் பாறை. ஆழத்தை எண்ணுவதை மறந்து, விளிம்பின் நேர்மையைக் கவனிக்கத் தெரிந்தவனுக்கே அது தூண். அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரே கடல் நூறு முறையும் அலுக்காது என்பது என் துணிபு.

கிளார்க்கைச் சுழியோட்டத்துக்கு இழுத்ததும் ஆழமன்று; விண்வெளியில் எடையற்று மிதப்பது எப்படியிருக்கும் என்றறியும் ஆசை. 1962இல் போலியோ நோய் அவர் உடலைத் தளர்த்தியது. தரையில் நடை தளர்ந்த பின்னும் அவர் கடலில் இறங்குவதைக் கைவிடவில்லை. அங்கே உடலுக்குப் பாரமில்லை.